ஒரே பள்ளத்தாக்கில் மூன்று ஏரிகள்: சிக்னித் தீவில் ஒரு பாடம்

துருவப் பகுதியில் ஏரி இருக்கிறது என்றால் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "எல்லாமே பனியாகக் கிடக்கும் இடத்தில் ஏரி எப்படி?" என்பதுதான். நியாயமான கேள்வி. பதிலைத் தேடிப் போனால் பனி எப்படிப் பாறையைத் தோண்டுகிறது, தண்ணீர் ஏன் மேலிருந்து உறைகிறது, ஒரு ஏரிக்கு அண்டை அயல் எவ்வளவு முக்கியம் என்று பல விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். இவற்றைப் பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு சின்னத் தீவையும், அதில் ஒரே ஒரு பள்ளத்தாக்கையும் எடுத்துக்கொள்வோம்.

தீவின் பெயர் சிக்னி. அண்டார்டிக் தீபகற்பத்தின் நுனியிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளி, தென் ஆர்க்னித் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. பரப்பளவு 20 சதுர கிலோமீட்டர் சுற்றி. வடக்கு தெற்காக ஆறரை கிலோமீட்டர் நீளம் வரும். உயரமான இடமே 300 மீட்டருக்குள்தான். பெட்டர் சோர்லே என்ற நார்வே நாட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் 1912-13 வாக்கில் இந்தக் கடல்பகுதியை வரைபடமாக்கியபோது தன் மனைவியின் பெயரை இதற்கு வைத்தார். 1947 முதல் பிரிட்டனின் ஆய்வு நிலையம் ஒன்று இங்கே இயங்குகிறது. பல ஆண்டுகள் குளிர்காலத்திலும் ஆட்கள் தங்கினார்கள். 1990களின் நடுவிலிருந்து கோடையில் மட்டும்.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். சிக்னி 60 பாகை 43 கலை தெற்கு அட்சரேகையில் இருக்கிறது. அண்டார்டிக் வட்டத்துக்கு இது வெளியே. அதனால் மாதக்கணக்கான இருட்டு இங்கே கிடையாது. நடுக்குளிர்காலமான ஜூனிலும் சூரியன் சில மணி நேரம் தலைகாட்டும். கோடை டிசம்பர், ஜனவரியில். அப்போது சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறும். அந்தக் 'கொஞ்சம் மேலே' என்பதில்தான் இந்தத் தீவின் ஏரிகள் எல்லாம் உயிர் வாழ்கின்றன. பதினைந்துக்கும் மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன.

தமிழில் 'பனி' என்ற சொல்லுக்குப் பொருள் அதிகம். மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, இமயமலையில் கிடப்பதும் பனி. இங்கே குழப்பம் வரக்கூடாது என்பதால் வானத்திலிருந்து விழும் பஞ்சு போன்றதை வெண்பனி என்றும், கெட்டியாக உறைந்ததைப் பனிக்கட்டி என்றும், மலையிலிருந்து மெல்ல நகர்ந்து இறங்கும் பெரும் பனிக்கட்டித் திரளைப் பனியாறு என்றும் சொல்கிறேன்.

பனியாறு பள்ளம் தோண்டும் விதம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால், இந்தப் பகுதியைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஆறும் மண்ணை அரிக்கிறது, பனியாறும் அரிக்கிறது. ஆனால் ஆற்றால் செய்ய முடியாத ஒன்றைப் பனியாறு செய்யும். ஆற்று நீர் எப்போதும் தாழ்வான இடத்தை நோக்கியே ஓடும். அதன் வழியில் ஒரு பெரிய குழி இருந்தால் நீர் அதில் தேங்கி வேகம் இழக்கும், கொண்டுவந்த மணலையும் சேற்றையும் அதிலேயே இறக்கிவிடும். அதாவது ஆறு தன் வழியிலுள்ள பெரிய பள்ளத்தை நாளடைவில் தூர்த்துவிடும். பனியாறு அப்படியல்ல. பத்துகள், நூறுகள் மீட்டர் கனமுள்ள பனிக்கட்டி தன் சொந்த எடையால் நகர்கிறது. அதன் மேற்பரப்பு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். அடியில் தரை மேடாக ஏறினாலும் பின்னாலிருந்து வரும் எடை அதை மேட்டின் மீது தள்ளி ஏற்றிவிடும். ஆகவே ஒரு குழிக்குள் இறங்கி, அதை இன்னும் ஆழமாக்கி, எதிர்க்கரையில் ஏறி வெளியே போகப் பனியாற்றால் முடியும்.

தோண்டும் வேலை இரண்டு விதமாக நடக்கிறது. பனிக்கட்டியின் அடியில் கற்கள் பதிந்திருக்கும். அவை பாறையைத் தேய்த்துக்கொண்டே போகும். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் மணல் செய்யும் அதே வேலை. பனியாறு விலகிய பிறகு பாறையின் மேல் ஒரே திசையில் நீளமான கீறல்கள் இருக்கும். விரலால் தடவினால் அந்தக் கோடுகள் தட்டுப்படும், பனி எந்தத் திசையில் போனது என்பதை அவற்றை வைத்தே சொல்லிவிடலாம். இன்னொரு வேலை, பெயர்த்தெடுப்பது. பாறை விரிசலில் நீர் புகுந்து உறையும்போது, உறைந்த துண்டோடு சேர்த்துப் பாறைத் துண்டையும் பனியாறு பிடுங்கிக்கொண்டு போகும். சிக்னியின் பாறை பெரும்பாலும் சிஸ்ட் வகை, ஏடு ஏடாக உரியும் தன்மை உள்ளது. இடையிடையே பளிங்குப் பாறையும் உண்டு. இப்படிப்பட்ட நிலத்தில் பாறை பலவீனமான இடத்தில் பள்ளமும் உறுதியான இடத்தில் மேடும் எஞ்சும்.

ஒரு பள்ளத்தாக்கு நெடுக இப்படி நடந்தால் என்ன ஆகும்? படிக்கட்டு மாதிரி ஆகும். ஒவ்வொரு படியிலும் ஒரு குழி. குழியின் வாயில் ஒரு பாறை விளிம்பு. சில இடங்களில் அந்த விளிம்பின் மேல் பனியாறு கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணுமான குவியலும் சேர்ந்துகொள்ளும். பள்ளிப் பாடத்தில் அதை மொரைன் என்று படித்திருப்பீர்கள். பனியாறு பின்வாங்கியதும் ஒவ்வொரு குழியிலும் நீர் நிற்கும். மேல் ஏரி நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அடுத்ததற்கு, கடைசியில் கடலுக்கு.

புவியியலில் இதற்குப் பேட்டர்நாஸ்டர் ஏரிகள் என்று பெயர். லத்தீனில் 'எங்கள் தந்தையே' என்று தொடங்கும் செபத்தின் முதல் இரண்டு சொற்கள் அவை. மேலிருந்து பார்த்தால் ஒரே ஓடையில் கோத்த ஏரிகள் செபமாலை மணிகள் போலத் தெரிவதால் அந்தப் பெயர் வந்தது. சிக்னியின் வடபகுதியில் உள்ள ஒரு பள்ளத்தாக்குக்கு அதே பெயரையே வைத்துவிட்டார்கள்: பேட்டர்நாஸ்டர் பள்ளத்தாக்கு. அதில் மூன்று ஏரிகள், மூன்று வெவ்வேறு மட்டத்தில்.

மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று

தெற்கே, மேட்டில் இருப்பது சேஞ்சிங் ஏரி. 'மாறிக்கொண்டே இருப்பது' என்று பொருள். பெயர் வைத்த காலத்தில் இதன் ஒரு பக்கக் கரையே பனிக்கட்டிதான். பனி பின்வாங்கினால் கரையும் பின்வாங்கும், ஏரி பெரிதாகும். கரை நிலையாக இல்லாத ஏரிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பனிக்கட்டியைத் தொட்டு நிற்கும் ஏரிகளுக்கென்று ஒரு குணம் உண்டு. பனியாறு பாறையைத் தேய்க்கும்போது வரும் தூள் மிக மிக நைசானது, மைதா மாவு போல. விரலிடையில் வைத்துத் தேய்த்தால் நறநறப்புகூடப் பெரிதாகத் தெரியாது. அது நீரில் எளிதில் படியாமல் மிதந்துகொண்டே இருப்பதால் தண்ணீர் கலங்கிப் பால் கலந்தது போல இருக்கும். ஒளி ஆழத்துக்குப் போகாது. ஒளி போகாத இடத்தில் செடி கொடி எதுவும் வளராது.

அடுத்தது மாஸ் ஏரி. பரப்பு ஒன்றரை ஹெக்டேர் அளவுதான், நாலு ஏக்கருக்கும் குறைவு. ஆழம் 10 மீட்டருக்குச் சற்று மேல். இதன் அடியில் ஒரு தோட்டமே இருக்கிறது. தமிழில் நாம் இரண்டு வேறுபட்ட பொருள்களையும் 'பாசி' என்றே சொல்லிவிடுகிறோம். குளத்தில் பச்சையாக மிதப்பது ஒன்று, அது ஆல்கா. மழைக்காலத்தில் பழைய சுவரில் மெத்தை கட்டியதுபோல் வளர்வது இன்னொன்று, அதுதான் மாஸ். தண்டும் இலையும் கொண்ட உண்மையான சிறு செடி. அந்தச் சுவர்ப்பாசியின் உறவுக்காரச் செடிகள்தான் மாஸ் ஏரியின் ஆழமான பகுதியில் கம்பளம் விரித்ததுபோல் அடர்ந்து வளர்கின்றன. ஏரிக்குப் பெயரே அதனால் வந்ததுதான்.

வெளியே தரையில் செடிகள் திட்டுத்திட்டாகத் தட்டுத்தடுமாறி வளரும் ஒரு தீவில், ஏரியின் அடியில் எப்படி இவ்வளவு பசுமை? வெளியே குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20க்கும் கீழே போகும். காற்று வீசி ஈரத்தை உறிஞ்சிவிடும். ஏரியின் அடியிலோ காற்று இல்லை, வறட்சி இல்லை, வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. செடிக்கு அது பாதுகாப்பான வீடு. அதே ஏரியின் ஓரத்தில், ஆழம் குறைந்த இடத்தில், மாஸ் அநேகமாகக் கிடையாது. குளிர்காலத்தில் ஓரத்து நீர் தரைவரை உறைந்துவிடும். பனிக்கட்டி அசையும்போது தன்னோடு ஒட்டியதையெல்லாம் சுரண்டி எடுத்துவிடும். எனவே ஓரம் வெறும் கல், ஆழம் பசும்புல்வெளி. நம் ஊர்க் குளங்களில் செடிகள் ஓரத்தில்தான் அடர்ந்திருக்கும், இங்கே தலைகீழ்.

இத்தனைக்கும் அடிப்படை, தண்ணீர் தெளிவாக இருப்பது. பனியாறு இந்த ஏரியைத் தொடவில்லை. பாறைத் தூள் வந்தாலும் பெரும்பகுதி மேல் ஏரியிலேயே படிந்துவிடும். மேல் ஏரி ஒரு வடிகட்டி போல வேலை செய்வதால் கீழ் ஏரிக்குத் தெளிந்த நீர் கிடைக்கிறது.

மூன்றாவது, சாம்பர் ஏரி. பள்ளத்தாக்கின் வடகோடியில், ஸ்டிஜியன் என்ற சிறு குடாவுக்குப் பக்கத்தில், கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே. ஆழம் 11 மீட்டர் சுற்றி. மங்கலான, சோகம் கவிந்த இடம் என்பது பெயரின் பொருள். கடல் பக்கத்தில் இருப்பதால் அலைத்துளிகள் காற்றோடு வந்து விழும், நீரில் உப்பு கொஞ்சம் சேரும். கடல் விலங்குகளும் கடற்பறவைகளும் எட்டும் தூரம். இவற்றின் எச்சம் என்பது நைட்ரஜனும் பாஸ்பரசும் நிறைந்த உரம்.

ஆகப் பெரிய பாறை வித்தியாசம் இல்லாத ஏரிகள், ஒரே ஓடையில் கோத்தவை. ஆனாலும் ஒன்றுக்கொன்று குணம் வேறு. மேலே பனிக்கு எவ்வளவு பக்கம், கீழே கடலுக்கு எவ்வளவு பக்கம் என்பதே அந்தக் குணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. துருவ ஏரி ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது அதன் நீள அகலத்தை அல்ல, இந்த இரண்டு தூரங்களைத்தான்.

மூடிக்கு அடியில் என்ன நடக்கிறது

சிக்னியின் ஏரிகள் வருடத்தில் எட்டு மாதத்துக்கும் மேல் பனிக்கட்டி மூடியின் கீழ் இருப்பவை. மூடியின் கனம் ஒரு மீட்டர், சில குளிர்காலங்களில் அதற்கும் மேல். அப்படியானால் ஏன் அடிவரை உறைந்துபோவதில்லை?

தண்ணீரின் விசித்திரமான ஒரு குணம்தான் காரணம். பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனக்கும். தண்ணீர் 4 பாகை செல்சியஸ் வரை அப்படித்தான் நடந்துகொள்ளும். அதற்குக் கீழே போனால் மறுபடி லேசாகிவிடும். ஆகவே மிகக் குளிர்ந்த நீர் மேலே வந்து நிற்கும், அங்கேதான் முதலில் உறையும். உறைந்த பனிக்கட்டி இன்னும் லேசு, மிதக்கும். அதன் மேல் வெண்பனியும் விழுந்தால் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். அடியில் உள்ள வெப்பம் வெளியேற வழி குறைகிறது, உறைதலும் மெதுவாகிறது. கோடை வருவதற்குள் பனிக்கட்டியால் பத்து மீட்டர் ஆழத்தை எட்டிப்பிடிக்க முடியாது. ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள குட்டையாக இருந்தால் அடிவரை கெட்டியாகிவிடும். துருவத்தில் ஏரிக்கும் குட்டைக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான் என்பேன்: குளிர்காலத்திலும் அடியில் நீர் மிச்சம் இருக்குமா, இருக்காதா?

ஒரு மீட்டர் கனமுள்ள வெறும் பனிக்கட்டியில் துளை போட்டால், துளைக்குள் நீர் ஏறி வந்து மேற்பரப்புக்கு எட்டு சென்டிமீட்டர் கீழே நின்றுவிடும். பனிக்கட்டியின் அடர்த்தி நீரைவிட ஏறத்தாழ எட்டு சதவீதம் குறைவு என்பதை அந்தத் துளையே அளந்து காட்டிவிடுகிறது. மூடியின் மேல் வெண்பனி கனமாகக் குவிந்திருந்தாலோ, அந்த எடையால் மூடி அமுங்கி நீர் துளை வழியாகப் பொங்கி மேலே வரும்.

இன்னொன்றை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் வைத்து எடுங்கள். ஓரம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், நடுப்பகுதி மட்டும் வெள்ளையாக மங்கியிருக்கும். பனிக்கட்டி உருவாகும்போது தன் படிகத்துக்குள் வேறு பொருளைச் சேர்த்துக்கொள்வதில்லை. நீரில் கரைந்திருந்த காற்றையும் உப்பையும் உள்ளே தள்ளிக்கொண்டே வருகிறது. கடைசியில் உறையும் நடுப்பகுதியில் எல்லாம் போய்ச் சேர்கிறது. ஏரியிலும் அதேதான். குளிர்காலம் போகப் போக, மூடியின் கீழே மிச்சமிருக்கும் நீர் அடர்ந்துகொண்டே வரும். அத்துடன் மூடி இருப்பதால் வெளிக்காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்காது. உயிர்ச்சத்து நிறைந்த ஏரியாக இருந்தால் அடிச்சேற்றில் நடக்கும் அழுகல் இருக்கிற ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் உள்ள ஹேவுட் ஏரியில் குளிர்காலக் கடைசியில் இது நடக்கிறது. மாஸ் ஏரியில் சத்து குறைவு, அதனால் அந்த நெருக்கடியும் குறைவு.

வசந்தத்தில் இன்னொரு அழகான சங்கதி. கரையில் கிடந்த வெண்பனி உருகி ஓடையாக ஏரிக்கு வரும். நிலம் உள்ளே உறைந்து கிடப்பதால் நீர் கீழே ஊறாது, வந்ததெல்லாம் ஏரிக்குத்தான். ஆனால் அது பூஜ்ஜியப் பாகையை ஒட்டிய நீர், ஏரியின் அடிநீரைவிட லேசு. கீழே இறங்கிக் கலக்காமல் பனிக்கட்டி மூடியின் அடிப்பக்கத்தை ஒட்டியே சறுக்கிச் சென்று மறுமுனையில் மறுகால் வழியாக வெளியேறிவிடும். வெள்ளமே வந்தாலும் அடிநீர் அசையாமல் இருக்கலாம். மூடி உடைந்து காற்று நீரைப் புரட்டினால்தான் முழு ஏரியும் கலக்கும்.

இந்த ஏரிகளில் மீன் கிடையாது. அண்டார்டிக் நன்னீர் எதிலும் கிடையாது. இங்கே பெரிய ஆள் என்றால் 'தேவதை இறால்' என்று செல்லமாக அழைக்கப்படும் பிராங்கினெக்டா கைனி. நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் சுற்றி. மல்லாந்து நீந்தும், கால்களைத் துடுப்பு போல அலைத்தபடி உணவைத் திரட்டும். கோடையில் வளர்ந்து முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். முட்டைகள் சேற்றில் உறைந்து கிடந்து அடுத்த கோடையில் பொரிக்கும். அடிவரை உறையும் குட்டைகளிலும் இதனால்தான் இது வாழ முடிகிறது.

ஏரி சொல்லும் மாற்றம்

ரொனால்ட் ஹேவுட் என்ற நன்னீர் ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் சிக்னியில் வேலை செய்தார். மேலே சொன்ன ஹேவுட் ஏரிக்கு அவர் பெயர்தான். அப்போது தொடங்கிய அளவீடுகள் பின்னாளில் பெரும் சொத்தாயின. 2002ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை அந்த நீண்ட பதிவை அலசியது. 1980க்கும் 1995க்கும் இடையில் ஏரிகளின் குளிர்கால நீர் வெப்பம் ஏறத்தாழ 0.9 பாகை கூடியிருந்தது, காற்றின் வெப்பம் கூடியதைவிட வேகமாக. மூடியில்லாத திறந்த நீர் நாட்கள் 1980ஐவிட 1993க்குள் இரண்டு மாதம் அளவுக்குக் கூடியிருந்தன.

காற்றைவிட ஏரி எப்படி முந்த முடியும்? வெண்பனி தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கரும்பாறையும் திறந்த நீரும் வெயிலை விழுங்கிக்கொள்ளும். மூடி சில நாட்கள் முன்பே உடைந்தால் அத்தனை நாள் வெயிலும் நீருக்குள் சேர்கிறது, அடுத்த உறைதலும் தள்ளிப்போகிறது. தீவின் நிலையான பனி சுருங்கச் சுருங்க வெற்றுநிலம் கூடுகிறது; அந்த நிலத்திலிருந்து சத்துகள் ஓடையில் வந்து சேர, ஆல்காவும் பெருகுகிறது. காற்றில் ஒரு பங்கு மாற்றம் என்றால் ஏரி அதைப் பெருக்கிக் காட்டுகிறது. 2000க்குப் பிறகு சில ஆண்டுகள் தீபகற்பப் பகுதியின் வெப்பமேற்றம் தணிந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன எண்களை அந்தக் காலகட்டத்துக்குரியவையாகத்தான் படிக்க வேண்டும்.

பருவநிலையோடு தொடர்பில்லாத இன்னொரு மாற்றமும் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோலுக்காகக் கிட்டத்தட்ட அழிக்கப்பட்ட அண்டார்டிக் ரோமக் கடல்நாய்கள், தெற்கு ஜார்ஜியாத் தீவில் மறுபடி பெருகி, கோடையில் சிக்னிக்கும் வரத் தொடங்கின. 1970களில் மிகக் குறைவாக இருந்தவை 1990களின் நடுவில் 20,000ஐத் தொட்டன. கரையோர ஏரிகளைச் சுற்றி அவை படுத்துப் புரண்டு கழிவு சேர்த்ததில் ஹேவுட் ஏரி சத்து மிகுந்து கலங்கியது. மேட்டில் இருக்கும் மாஸ் ஏரிக்கு அந்தத் தொல்லை இல்லை. மறுபடியும் அதே இரண்டு தூரங்கள்!

இந்தக் கடல்நாய்கள் முன்பும் வந்ததுண்டா என்று அறிய ஆய்வாளர்கள் ஏரியின் அடிச்சேற்றைக் குழாய் வைத்து எடுத்தார்கள். சேறு அடுக்கடுக்காகப் படிவது; கீழே போகப் போகப் பழசு. அடுக்குகளில் கடல்நாயின் உதிர்ந்த ரோமங்கள் அகப்பட்டன. ஒவ்வொரு அடுக்கிலும் எத்தனை ரோமம் என்று நுண்ணோக்கியில் வைத்து எண்ணியே ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் வருகைப் பதிவேட்டைத் தயாரித்துவிட்டார்கள். 1990களின் கடைசியில் அது வெளியானது. ஒரு ரோமம் சேற்றில் அத்தனை காலம் கெடாமல் கிடப்பதற்கு, கலங்காத குளிர்ந்த அடிநீரும் ஒரு காரணம்.

இனி பள்ளத்தாக்கின் உச்சிக்கே திரும்பிப் போகலாம். சேஞ்சிங் ஏரியின் பனிக்கரை விலகிவிட்டால் பாறைத் தூள் வருவது குறையும், நீர் தெளியும், ஒளி அடிவரை இறங்கும். மாஸ் வேர்விடாத செடி; அப்போது காற்றிலோ பறவையின் காலிலோ ஒட்டி வரும் ஒரு துணுக்கு போதும், ஆழத்தில் படர ஆரம்பிக்கும். மாஸ் ஏரியும் ஒரு காலத்தில் பனிக்கட்டியைத் தொட்டுக்கொண்டு கலங்கி நின்றதுதான்; சாம்பர் ஏரி அதற்கும் முன்னால். பள்ளத்தாக்கில் கடலிலிருந்து மேலே நடப்பவர், ஒரே ஏரியின் முதுமையிலிருந்து பிறப்பை நோக்கி நடக்கிறார்.